சக்கரம் ஏறாத தரை

ஜூலை 9

அண்ணா,

ஒரு மரத்தரையில் கீறல் விழக் கூடாது என்பதற்காக உங்கள் சங்கம் அப்பாவைக் கொன்றது.

நலமா என்று தொடங்கினால் நீ நலம் என்று எழுதி முடித்துவிடுவாய். அதனால் இதை முதலில் எழுதிவிட்டேன். நலமெல்லாம் கடைசியில் விசாரித்துக்கொள்ளலாம்.

போனில் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்கிறாய். கடிதத்தை அப்படி அம்மாவிடம் தள்ளிவிட முடியாது. கண்ணாடி போட்டாலும் அவளுக்கு என் கையெழுத்து புரியாது.

நேற்று உங்கள் விளையாட்டுச் சங்கத்தில் பெருக்கித் துடைக்கும் அக்கா கூப்பிட்டாள். அப்பா அங்கே வாட்ச்மேனாக இருந்த காலத்தில் அவரோடு தினமும் வாசலில் டீ குடித்தவள். இறந்து ஒரு மாதம் கழித்துத் துக்கம் விசாரிக்கிறாள். "சொல்லலாமா வேணாமான்னு இத்தனை நாள் இருந்தேம்மா" என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தவில்லை.

"ஆம்புலன்ஸ்ல இருந்து ஸ்ட்ரெச்சரோடதான் எறக்குனாங்க. கொரோனா வார்டா மாத்துன ஹால் வாசல்ல மஞ்சக் கோடு இருக்குல்ல, அங்க நிறுத்திட்டாங்க. நான் தூரத்துல துடைச்சிட்டு இருந்தேன், என்ன பேசுனாங்கன்னு தெரியல. பாத்தா உங்கப்பா எழுந்து நடந்து போறாரு. கடைசிக் கட்டில் வரைக்கும். நடுவுல ஒரு தடவை அப்படியே தரையில உக்காந்துட்டாரு."

ஏன் நடக்கவிட்டார்கள் என்று கேட்டேன்.

"சக்கரம் வச்ச எதுவும் தரை மேல ஏறக் கூடாதுன்னு போர்டு வச்சிருந்தாங்க. ஆக்சிஜன் வண்டிகூட ஏறாது. சிலிண்டரை ரெண்டு பேர் தூக்கிட்டு ஓடுவாங்க. உனக்குத் தெரியாதாம்மா?"

எனக்குத் தெரியாது. நீ எனக்குச் சொன்னது இது: "கொண்டு வந்து படுக்க வச்சோம். மூச்சு திணறிடுச்சு. காலையில போயிட்டாரு." கொண்டு வந்ததற்கும் படுக்க வைத்ததற்கும் நடுவில் வரிசையாக நான்கு பேட்மிண்டன் கோர்ட் கிடக்கிறது. மூச்சு முட்டுகிற மனிதர் அதை நடந்து கடந்திருக்கிறார். நீ அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டாய்.

சங்கத்துக்கு நீ செயலாளர். அந்தப் போர்டை எழுதியது யார்? அப்பாவை இறக்கும்போது நீ எங்கே இருந்தாய்?

இங்கே நான் கடையில் அதே கேஷ் கவுண்ட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்குகிறது. பணம் வாங்கும் இடத்தில் மட்டும் ஓட்டை. அதில் குனிந்துதான் எல்லோரும் திட்டுகிறார்கள். அப்பா செத்தபோது லீவு கொடுக்கவில்லை. பஸ்ஸும் ஓடவில்லை. 'அத்தியாவசியப் பணியாளர்' என்று கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று மேனேஜரைக் கேட்டேன். "நீ வரலன்னா அந்தச் சீட்ல அத்தியாவசியமா வேற ஒருத்தி உக்காருவான்னு அர்த்தம்" என்றார். ஜோக்காம்.

அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? நீ சாப்பிடுகிறாயா?

வாலு


ஜூலை 21

வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் சண்டைக்கு வருவாய், அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டியில் வீக்கம் இறங்கியிருக்கிறது. அண்ணிக்கு இருமல் இல்லை.

கொன்றது என்பது பெரிய வார்த்தை. அதைக் கடிதத்தில் எழுதி அனுப்புகிறாய். தபால்காரர் கடிதத்தைச் சங்க ஆபீஸில்தான் போட்டுவிட்டுப் போவார் என்பதையாவது யோசித்திருக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடங்களிலும் இடமில்லாமல் போனபோது, எங்கள் தலைவர் யாரும் கேட்காமலே ஹாலைக் கொடுத்தார். மற்ற சங்கங்கள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அந்தத் தரை வெறும் பலகை இல்லை. அடியில் ரப்பர், அதன்மேல் சட்டம், அதன்மேல் பலகை. ஓர் இடத்தில் அழுந்திவிட்டால் அப்புறம் அதில் பெரிய போட்டி நடத்த அனுமதி கிடைக்காது. போட்டி இல்லையென்றால் மெம்பர்கள் இல்லை. மெம்பர்கள் இல்லையென்றால் என்னைப் போல அங்கே வேலை பார்க்கும் அத்தனை பேரும் தெருவில். அதனால் தரையை எப்படிக் கொடுத்தோமோ அப்படியே திருப்பித் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கொடுத்தோம்.

ஒவ்வொரு கட்டில் காலுக்கும் பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டினோம். நானே உட்கார்ந்து கீறினேன். கத்தி பிடித்துப் பிடித்து உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். சக்கரம் கூடாது என்பது செயற்குழுவின் முடிவு. போர்டை எழுதியது நான். முடிவு என்னுடையது அல்ல.

அப்பாவைக் கொண்டுவந்தபோது நான் சுகாதார அலுவலகத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் படுத்திருந்தார். நர்ஸ் சொன்னதைத்தான் உனக்குச் சொன்னேன்.

நீச்சல் குளம் பச்சையாகிவிட்டது. தவளைகள் குடிவந்திருக்கின்றன. இந்த வருஷம் குளத்தில் நீந்தியது அவை மட்டும்தான். பில்லியர்ட்ஸ் மேஜைகளுக்கு மேல் விரித்த துணியில் எலி குட்டி போட்டிருக்கிறது.

அம்மா டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. அப்பாவோடுதான் அந்தச் சண்டை. இப்போது டிவி முழுச் சத்தத்தில் ஓடுகிறது, யாரும் பார்ப்பதில்லை.

முகத்தில் மாஸ்க்கைச் சரியாகப் போடு. மூக்குக்குக் கீழே தொங்கவிடாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அண்ணா,

மாஸ்க் மூக்குக்கு மேலேதான் இருக்கிறது. காதுக்குப் பின்னால் புண்ணாகிவிட்டது, அவ்வளவுதான். மற்றபடி இருக்கிறேன்.

உன் கடிதத்தில் தரையைப் பற்றி ஒரு பக்கம், அப்பாவைப் பற்றி மூன்று வரி. ரப்பர், சட்டம், பலகை என்று அடுக்கியிருக்கிறாய். அப்பாவுக்கு அடியில் என்ன இருந்தது? கீறிய டென்னிஸ் பந்து. அதன்மேல் கட்டில் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருந்ததாம். திரும்பிப் படுக்கப் பயந்து பாதிப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். அதையும் அந்த அக்காதான் சொன்னாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அப்பா அந்த வாசலில் நின்று போடும் சத்தம்? "கழட்டு! கழட்டிட்டுப் போ!" மெம்பராவது, மெம்பரின் மாப்பிள்ளையாவது. இப்போதைய தலைவர் ஒரு முறை ஷூவோடு போனார் என்று குறுக்கே கையை நீட்டிவிட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே கழட்டினார். வீட்டுக்கு வந்து அப்பா அதை எத்தனை தடவை நடித்துக் காட்டினார்! ஆனால் அவர் மட்டும் உள்ளே கால் வைத்ததில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று நான் கேட்டால் சொல்வார்: "என் பூட்ஸ் கயித்தை அவுக்கறதுக்குள்ள திருடன் வந்து விளையாடி முடிச்சிட்டுப் போயிடுவான் பாப்பா." சிரிப்போம். வேலையாட்களின் பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்பதால் நாமும் கோட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "நான் பெரியவனானா இந்த ஹாலுக்குள்ள சைக்கிள் ஓட்டுவேன்."

பெரியவனானாய். சக்கரம் கூடாது என்று போர்டு எழுதினாய்.

எனக்கு ஒன்று வேண்டும். வருஷக் கடைசியில் சங்கம் ஆண்டறிக்கை போடும், அதை நீதான் எழுதுவாய். அதில் ஒரு வரி சேர். "நோயாளிகளை ஹாலுக்குள் நடக்கவைத்தோம். அவர்களில் ஒருவர் எங்கள் பழைய வாட்ச்மேன். அவர் மறுநாள் இறந்தார்." எண்ணிப் பார்த்தால் மூன்று வரியாகிவிட்டது. இருக்கட்டும். யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தது என்று எழுது, போதும்.

அம்மாவை அதிகம் நடக்க விடாதே. தரைக்காக இல்லை, முட்டிக்காக.

வாலு


செப்டம்பர் 14

வாலுவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான்.

நீச்சல் குளத்தைக் காலி செய்வதா வேண்டாமா என்று மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. காலி செய்தால் அடியிலிருந்து ஊற்று முட்டித் தொட்டி வெடிக்கும் என்கிறார் ஒருவர். காலி செய்யாவிட்டால் கொசுக்களிடமும் சந்தா வாங்குங்கள் என்கிறார் இன்னொருவர். எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது. போன கூட்டத்தில் ஒரு மெம்பர் மைக்கை அணைக்க மறந்துவிட்டு, "இவனுக்கென்ன தெரியும், வாட்ச்மேன் பையன்" என்றார். எல்லோர் கம்ப்யூட்டரிலும் கேட்டது. எல்லோர் முகமும் திரையில் இருந்தது. நான் அஜெண்டாவில் அடுத்த பொருளுக்குப் போனேன்.

ஆட்குறைப்பு செய்தோம். ஜிம்மில் இரண்டு பேர், தோட்டத்தில் ஒருவர், பெருக்கும் அக்கா. அவள் உன்னிடம் பேசியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் பெயர் பட்டியலில் முன்பே இருந்தது.

ஹாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கட்டில்களை எடுத்த பிறகு தரையைப் பாலிஷ் போட வந்தவர் முட்டி போட்டு, லைட் அடித்து, ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் தோளைத் தட்டினார்.

ஆண்டறிக்கை வேலை இன்னும் தொடங்கவில்லை. பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாங்கள் இருப்பது சங்கத்தின் குவார்ட்டர்ஸ். டென்னிஸ் கோர்ட்டுக்குப் பின்னால் இந்த இரண்டு அறைகள் என் வேலையோடு வந்தவை, வேலையோடு போகிறவை. அம்மா இந்த வீட்டில்தான் தூங்குகிறாள்.

காதுப் புண்ணுக்கு எண்ணெய் தடவு.

அண்ணன்


செப்டம்பர் 24

அண்ணா,

எண்ணெய் தடவினேன். எரிகிறது.

நீ சுகாதார அலுவலகத்தில் இல்லை. அப்பா கோட்டருகே வந்தபோது நீ அங்கேதான் நின்றாய். இது எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

அன்று சாயங்காலம் அப்பா எனக்குப் போன் செய்தார். ஏதோ ஒரு நர்ஸின் போனிலிருந்து. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. கவுண்ட்டரில் வரிசை நின்றது. குனிந்து, பில் பேப்பர் வைக்கும் டிராயருக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் காதில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"பாப்பா, படுத்துட்டேன். ஒண்ணும் பயமில்ல. உங்கண்ணன்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தான். செருப்பைக்கூட அவனே குனிஞ்சு கழட்டி விட்டான்." அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "தரை ஜில்லுனு இருக்கு பாப்பா. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் அதுல கால் வச்சேன்." திரும்பவும் மூச்சு. "நர்ஸம்மா போன் கேக்கறாங்க, வைக்கிறேன்."

அன்று எனக்கு அது புரியவில்லை. வாசலிலிருந்து நாலடி நடந்திருப்பார் என்று நினைத்தேன். பெருக்கும் அக்கா சொன்ன பிறகுதான் எவ்வளவு தூரம், எதற்காக என்று தெரிந்தது. என் முதல் கடிதத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டது தெரியாமல் இல்லை. நீ சொல்வாயா என்று பார்த்தேன். சுகாதார அலுவலகம் என்றாய். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பாலிஷ் போட வந்தவர் லைட் அடித்ததைச் சொல்கிறாய்.

அந்த அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டாய். அவள் பெயர் முன்பே இருந்ததா? சரி. எதற்கு முன்பு, அவள் என்னிடம் பேசியதற்கா?

மஞ்சள் கோட்டருகே என்ன நடந்தது, அண்ணா?

எல்லோரும் இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன்.

வாலு


நவம்பர் 2

பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே எனக்கும் அத்தைக்கும் ஒன்றுமில்லை. அவரைத்தான் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "என்னவாம்?" என்று கேட்டேன். "காதுல புண்ணாம்" என்றார். இன்றுவரை அவ்வளவுதான். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுகிறார்.

ஆபீஸுக்கு ஹால் வழியாகப் போனால் பக்கம். இப்போதெல்லாம் டென்னிஸ் கோர்ட்டைச் சுற்றி, குளத்தைச் சுற்றிப் போகிறார். மழையிலும் அப்படித்தான். வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழட்டுவதில்லை. அப்படியே அடுப்பங்கரை வரைக்கும் சேற்றோடு வருகிறார். சொன்னால் "ஓ, மறந்துட்டேன்" என்கிறார். தினமும் மறக்கிறார்.

அத்தை உனக்கு எழுதச் சொன்னது இது: "விட்டுடச் சொல்லு. போனவரு போயிட்டாரு. இருக்கறவனையும் கேட்டுக் கேட்டே கொன்னுடப் போறா. பொம்பளப் புள்ளைக்கு என்ன இவ்வளவு வீம்பு."

அத்தை சொன்னதை எழுதிவிட்டேன். நான் சொல்வது வேறு. விடாதே. யாரிடமாவது அவர் சொல்லியாக வேண்டும். என்னிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். உன்னிடம் பயம். பயம் இருக்கும் இடத்தில்தான் வாய் திறக்கும் என்று நினைக்கிறேன்.

இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

அண்ணி


நவம்பர் 20

வாலு,

நான் இருந்தேன்.

தலைவர் அதற்கு முந்தின நாள்தான் வந்து பார்த்துவிட்டு, "தரைக்கு நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. அப்பாவைத்தான் கொண்டுவருகிறார்கள் என்று தெரியும். ஸ்ட்ரெச்சர் கோட்டருகே வந்து நின்றது.

அப்பாவே சொன்னார். "எறக்கி விடுங்கப்பா, நடந்துக்கறேன். தரை போயிடும்." அவரே எழுந்து உட்கார்ந்தார். நான் செருப்பைக் கழட்டினேன். கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். மூன்றாவது கோர்ட்டில் உட்கார்ந்தார். ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். அது வருவதற்குள் எழுந்துவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் குணம் உனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அந்த வாசலில் நின்ற மனிதர்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதாதே.

அம்மாவுக்குச் சளி. சாதாரணச் சளிதான், பரிசோதித்துவிட்டோம்.

அண்ணன்


டிசம்பர் 4

அண்ணா,

அம்மாவுக்கு வெந்நீர் மட்டும் கொடு. சளி குறைந்ததும் ஒரு வரி எழுது.

நீ என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுத மாட்டேன். கடையில் ஒருவர் கண்ணெதிரே மயங்கி விழுந்தார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் அடுத்தவருக்குப் பில் போட்டேன். யாரும் யாருக்கும் பாடம் எடுக்கும் வருஷம் இல்லை இது.

அப்பா அப்படிச் சொல்லக்கூடியவர்தான். உன் கடிதத்தைப் படித்ததும் அவர் குரல் கேட்டது. இரண்டு நாள் நம்பினேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு ஒன்று இடித்தது.

அவர் காலத்தில் செருப்பு கூடாது என்பது மட்டும்தான் விதி. சக்கரம் கூடாது என்பது இந்த வருஷம் நீங்கள் போட்டது. அவர் வேலையை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆபீஸ் விஷயம் எதையும் நீ வீட்டில் பேசுவதில்லை என்று அவரே போனில் குறைப்பட்டிருக்கிறார். போர்டைப் படித்திருப்பார் என்றால், கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பால் பாக்கெட்டில் தேதிகூடத் தெரியாது. கண்ணாடி டிவி மேலேயே இருந்துவிட்டது, போகும்போது எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அம்மா எத்தனை முறை போனில் அழுதிருக்கிறாள்.

அப்படியானால், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவருக்குச் சக்கரத்தால் தரை போய்விடும் என்று எப்படித் தெரிந்தது? யாரோ சொன்ன பிறகுதானே அவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்? ஆம்புலன்ஸ்காரனுக்குத் தரையைப் பற்றி என்ன கவலை? நர்ஸ் உள்ளே இருந்தாளாம், அந்த அக்கா சொன்னாள். வாசலில் நின்றது நீ.

"எறக்கி விடுங்கப்பா" என்பது பதில் மாதிரி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பேச்சு இருந்திருக்கும். அது என்ன?

வாலு


ஜனவரி 29

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவுக்குச் சளி விட்டது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இத்துடன் சங்கத்தின் ஆண்டறிக்கையை வைத்திருக்கிறேன். நீ கேட்டபடி அப்பாவைப் பற்றிச் சேர்த்தாயிற்று. ஏழாம் பக்கம். தலைவர் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. தபாலில் கசங்கிவிடலாம் என்பதால் அந்தப் பகுதியை இங்கேயும் எழுதுகிறேன்:

"சோதனைகள் நிறைந்த இவ்வாண்டில் நமது உள்ளரங்கம் நோயுற்றோருக்குப் புகலிடமாக விளங்கியது நமக்குப் பெருமை. நமது முன்னாள் காவலாளி, தாம் காத்த தரைக்குத் தம்மால் ஒரு சிறு கீறலும் நேரக் கூடாது எனக் கருதி, கடும் நோயிலும் தள்ளுபடுக்கையை மறுத்துத் தாமே நடந்து சென்றார். அத்தகைய பற்றுள்ளம் கொண்டோரால்தான் இச்சங்கம் இவ்வாண்டைக் கடந்தது. அரங்கம் எவ்விதச் சேதமுமின்றித் திரும்பப் பெறப்பட்டது. அவர் நினைவாக அரங்க வாசலில் ஒரு காலணி அலமாரி அமைக்கப்படும்."

அலமாரி தேக்கில். மேலே பித்தளைத் தகட்டில் அப்பாவின் பெயர். மார்ச் முதல் வாரத்தில் திறப்பு. அப்போது பஸ் ஓடும் என்கிறார்கள், நீ வரலாம்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதாள். பிறகு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிட்டு அவருக்கும் படிக்கச் சொன்னாள். அப்பா போன பிறகு அவள் டிவியை அணைக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

இத்தோடு இதை விட்டுவிடலாம்.

அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணா,

என்னை வாலு என்று கூப்பிடாமல் நீ எழுதிய முதல் கடிதம் அது. நானும் நன்றாக இருக்கிறேன்.

ஏழாம் பக்கத்தைக் கவுண்ட்டரில் வைத்துக்கொண்டே படித்தேன். அறிக்கையில் அவர் நடந்து சென்றார் என்று இருக்கிறது. நடந்து எங்கே சென்றார் என்று இல்லை. மறுநாள் செத்தார் என்று முதல் பக்கத்திலிருந்து அட்டைவரை எங்கும் இல்லை. தரைக்குச் சேதமில்லை என்பது மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

நான் கேட்ட மூன்று வரியில் நீங்கள் அவரை நடக்கவைத்தீர்கள். நீ கொடுத்த பத்தியில் அவர் தள்ளுபடுக்கையை மறுக்கிறார். நான் கேட்டதை வைத்தே செய்திருக்கிறாய். என் அப்பாவை என்னிடமிருந்து வாங்கி, அவர்களுக்குப் பிடித்த மாதிரி தைத்து, அவர் கையில் செருப்பைக் கொடுத்து மறுபடியும் அதே வாசலில் நிற்க வைத்துவிட்டாய். இனிமேல் அவருக்கு ஓய்வும் கிடையாது.

அம்மா இரண்டாம் முறை படிக்கச் சொன்னது எனக்குப் புரிகிறது. அவளிடம் நான் எதையும் சொல்லப் போவதில்லை. அந்த இரண்டு அறைகளும் எனக்குப் புரிகின்றன. உன் வேலையை விடச் சொல்லவில்லை. தலைவரிடம் போய் நிற்கச் சொல்லவில்லை. அறிக்கையைத் திருத்தச் சொல்லவில்லை, அச்சடித்தது அச்சடித்ததாகவே இருக்கட்டும். ஒரு மெம்பருக்கும் தெரிய வேண்டாம்.

எனக்கு மட்டும் சொல். டிசம்பரில் கேட்டதை நீ தொடவே இல்லை. அப்பா பேசுவதற்கு முன்னால் அங்கே பேசியது யார், என்ன பேசினார்கள்?

வாலு


மார்ச் 17

அண்ணா,

நீ எழுதவில்லை. பஸ் ஓடியது, நான் வரவில்லை.

அண்ணி போனில் சொன்னாள். அலமாரியில் முதல் செருப்பு உன்னுடையதாம். தலைவர் கை தட்டினாராம், மற்றவர்களும் தட்டினார்களாம். எல்லோரும் ஷூவை வைத்துவிட்டு உள்ளே போய் வட்டமாக நின்று ஜூஸ் குடித்தார்களாம். நீ மட்டும் உள்ளே போகவில்லையாம். "வாப்பா, இன்னைக்கு உங்கப்பா நாள்" என்று தலைவர் கூப்பிட்டும், மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே வெறுங்காலோடு கடைசிவரை நின்றாயாம். அம்மா அதைப் பார்த்து, "அப்பன் மாதிரியே நிக்கிறான் பாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

கடையில் பிளாஸ்டிக் திரையைக் கழற்றிவிட்டார்கள். ஆட்களின் முகம் அருகில் தெரிகிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பா செத்ததற்கு இன்னும் நான் அழவில்லை, அண்ணா. முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று அழுகை எங்கோ நின்றுவிட்டது.

நலமெல்லாம் கடைசியில் விசாரிக்கலாம் என்று எழுதியிருந்தேன். அதனால் இந்தக் கடிதத்தில் விசாரிக்கவில்லை. இது கடைசி இல்லை.

ஸ்ட்ரெச்சர் கோட்டருகே நின்றது. அப்பா அதில் படுத்திருந்தார். நீ பக்கத்தில் நின்றாய். முதலில் வாய் திறந்தது யார்? எழுது.